மூக்கு வழியே அட்ரினலின்: குளவி கொட்டும் மலைகளுக்காக



மருந்துத் துறையில் இருக்கும் பழைய மாணவிகளாகிய நாங்கள், மூக்கு வழியே கொடுக்கும் மருந்துகளைப் பற்றிப் பேச விரும்பினோம். காரணம், குளவி. பசறையானாலும் நமுனுகுலையானாலும் அப்புத்தளையானாலும், கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்தால் என்ன நடக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

குளவி விஷம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். தொண்டை வீங்கும், மூச்சு முட்டும், இரத்த அழுத்தம் விழும். அப்போது உயிர் காக்கும் முதல் மருந்து அட்ரினலின். பிரிட்டன் குளிசை அதற்கு ஈடாகாது. அட்ரினலினைத் தொடைத் தசையில் ஊசியாகப் போட வேண்டும். ஊசி போடத் தெரிந்தவர் டிஸ்பென்சரியில் இருப்பார். குளவி கொட்டுவதோ மலையில். இடையில் இருக்கும் நிமிடங்களில்தான் உயிர் இருக்கிறது.

பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவரே கொடுக்கக்கூடிய மருந்து வேண்டும். மூக்கின் உட்சவ்வு மெல்லியது, இரத்த நாளங்கள் நிறைந்தது. அதன் வழியே போகும் மருந்து, விழுங்கிய மருந்தைப்போல ஈரலில் சிதையாமல் நேரே இரத்தத்தில் சேரும். ஆனால் மூக்கில் சில துளிகளே விடலாம். சளி அவற்றையும் கால் மணி நேரத்தில் தொண்டைக்குத் தள்ளிவிடும். அட்ரினலினோ இரத்த நாளங்களைச் சுருக்கி, தான் போகும் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும்.

அதனால் ஆய்வாளர்கள், சவ்வுக் கலங்களின் இடைவெளியைச் சற்று நேரம் தளர்த்தும் டோடெசில் மால்டோசைட் என்ற பொருளைச் சேர்த்தார்கள். ஊசியில் 0.3 மில்லிகிராம் என்றால் இதில் 2 மில்லிகிராம். 'நெஃபி' என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. ஒவ்வாமை இல்லாத 175 பேரின் இரத்தத்தில் மருந்து ஊசிக்கு நிகராகச் சேர்ந்ததைப் பார்த்தே அந்த அனுமதி கிடைத்தது. இதற்குக் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. ஒரு மூக்குத் துவாரத்தில் வைத்து அழுத்தினால் போதும்.

நம் பக்கத்திலும் இந்தத் திறமை உண்டு. திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணா எல்லாவின் பாரத் பயோடெக் நிறுவனம், மூக்கில் விடும் கோவிட் தடுப்பு மருந்தை 2023 ஜனவரியில் வெளியிட்டது.

மருந்து ஆய்விலும் வைத்தியசாலைகளிலும் இருக்கும் சகோதரிகளே, கொழுந்து பறிப்பவருக்கு எட்டும் விலையில் இது வருவதற்கு உங்கள் இடத்திலிருந்து குரல் கொடுங்கள். அதுவரை, ஊருக்குப் போகும்போதெல்லாம் நம் தோட்ட டிஸ்பென்சரியில் அட்ரினலின் இருக்கிறதா, அது காலாவதியாகாமல் இருக்கிறதா என்று கேட்போம்.