கசிவு ஏற்பட்டால் யார் முன்னே நிற்பது?



ஜொகூர் மாநிலத்தில் பாசிர் கூடாங் ஒரு பெரிய தொழில் நகரம். துறைமுகமும் ரசாயன ஆலைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் ஒருபுறம். அவற்றை ஒட்டியே தாமான் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் மறுபுறம். மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக வாழ்கின்றன. இந்த ஊர் கடலிலும் கசிவைப் பார்த்திருக்கிறது, ஆற்றிலும் பார்த்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அரசாங்கத் துறைகள் எங்கே கைகோர்க்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பது புரியும்.

கடலில் கசிந்தால்...

2017 ஜனவரி 3ஆம் தேதி பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கொள்கலன் கப்பல்கள் மோதிக்கொண்டன. சுமார் 300 டன் எரிஎண்ணெய் கடலில் கலந்தது. ஜொகூர் நீரிணை குறுகலானது. எண்ணெய் எதிர்க்கரையில் சிங்கப்பூரின் உபின் தீவையும் மீன் பண்ணைகளையும் தொட்டது.

இத்தகைய விபத்துக்கு மலேசியாவில் தேசிய எண்ணெய்க் கசிவு அவசரத் திட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் துறை, கடல்துறை, கடல்சார் அமலாக்க நிறுவனம் ஆகியவற்றுக்கு இன்னின்ன வேலை என்று அதில் வகுக்கப்பட்டுள்ளது. மிதவை வேலி போடுவது, எண்ணெயை வழித்தெடுப்பது எல்லாம் ஒத்திகை பார்த்த வேலைகள்.

இன்னொரு வசதியும் உண்டு. கப்பலுக்குப் பெயர் உண்டு, கொடி உண்டு, கட்டாயக் காப்புறுதியும் உண்டு. எனவே செலவை யாரிடம் கேட்பது என்ற குழப்பம் குறைவு. மலாக்கா நீரிணைக்காக மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஜப்பானின் உதவியுடன் 1981இலேயே ஒரு சுழல்நிதியை ஏற்படுத்தின. முதலில் அதிலிருந்து எடுத்துத் துப்புரவு செய்யலாம். இழப்பீடு வந்ததும் திருப்பி வைக்கலாம். பணத்துக்காக வேலை காத்திருக்கக் கூடாது என்பதே நோக்கம்.

ஆற்றில் கொட்டினால்...

2019 மார்ச் 7ஆம் தேதி அதே பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு சட்ட விரோதமாகக் கொட்டப்பட்டது. அருகிலிருந்த பள்ளி மாணவர்கள் மூச்சுத் திணறலும் வாந்தியுமாக மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். கழிவு முழுவதும் உடனே அகற்றப்படவில்லை. மார்ச் 11ஆம் தேதி இரண்டாவது அலை வந்தது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. 13ஆம் தேதி பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. மொத்தத்தில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினார்கள்.

துறைகள் இல்லாமலா இப்படி ஆனது? இல்லை. சுற்றுச்சூழல் துறை, ரசாயனத் துறை, தீயணைப்பு மீட்புப் படை, சுகாதாரத் துறை, கல்வி அமைச்சு, போலீஸ், இராணுவம் என்று எல்லோரும் வந்தார்கள். பேரிடர் என்றால் மாவட்டம், மாநிலம், நாடு என மூன்று நிலைகளில் யார் தலைமை தாங்குவது என்பதற்குத் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் ஆணையும் அப்போது இருந்தது.

சிக்கல் வேறிடத்தில். கடலில் மிதப்பது எண்ணெய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் கிடப்பது என்ன என்று முதலில் யாருக்கும் தெரியாது. பென்சீன், டொலுவீன், அக்ரோலின் போன்ற நச்சுப் பொருள்கள் பரிசோதனைக்குப் பிறகே தெரிய வந்தன. பொருள் தெரியாமல் மருத்துவர் முழுமையாகச் சிகிச்சை தர முடியாது. தீயணைப்பு வீரர் எந்தக் கவசம் அணிவதென்று முடிவு செய்ய முடியாது. பள்ளியை மூடலாமா திறக்கலாமா என்று சொல்ல முடியாது. ஒரு துறை மற்றொன்றின் முடிவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் குழந்தைகள் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

செலவும் அப்படித்தான். கொட்டியவரைக் கண்டுபிடித்து வழக்குத் தொடுப்பதற்குள் ஆற்றைச் சுத்தம் செய்தாக வேண்டும். சுமார் 1.5 கிலோ மீட்டர் நீளத்தைத் துப்புரவு செய்ய 60 லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே பாசிர் கூடாங் மாணவர்கள் மீண்டும் மூச்சுத் திணறலுக்கு ஆளானார்கள். அம்முறை 475 கல்வி நிலையங்கள் மூடப்பட்டன.

என்ன செய்ய வேண்டும்?

1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, அபராதம் அதிகபட்சம் ஒரு கோடி ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அபராதம் கசிவுக்குப் பின்னால் வருவது. உயிரைக் காப்பது முதல் சில மணி நேரம்.

அதற்கு மூன்று ஏற்பாடுகள் முக்கியம். முதலாவது, எந்த ஆலையில் எந்த ரசாயனம், எவ்வளவு கழிவு என்ற விவரம் தீயணைப்புப் படையின் கையிலும் மருத்துவமனையின் கையிலும் முன்கூட்டியே இருக்க வேண்டும். கழிவு உண்டாகும் இடத்திலிருந்து அழிக்கப்படும் இடம் வரை கணக்கு வைக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. அந்தக் கணக்கு கோப்பில் தூங்கக் கூடாது. இரண்டாவது, காற்றில் நச்சு இந்த அளவைத் தொட்டால் பள்ளி மூடப்படும் என்று முன்பே எழுதி வைத்துவிட்டால், யாரும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, கடலுக்கு இருப்பதுபோல் ஆற்றுக்கும் உடனே எடுத்துச் செலவழிக்கும் நிதி வேண்டும்.

பொதுமக்களுக்கும் ஒரு கடமை உண்டு. காரமான நெடி வந்தாலோ, கால்வாயில் எண்ணெய் மினுங்கினாலோ வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது, தொட்டுப் பார்க்கக் கூடாது. காற்று வீசும் பாதையை விட்டு விலகி, 999 எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் யாருடையது என்பதைத் தேர் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது.