அப்போது அளந்தது யார்?

(திண்டுக்கல்லில் அறிவியல் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், "இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமி இப்போதைவிடக் குளிர்ந்திருந்தது" என்றேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அப்ப யாரு சார் வெப்பமானி வச்சு அளந்தாங்க?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உட்காரும்மா" என்றேன். உண்மையில் எனக்கு விடை தெரியாது. அதன்பின் அவள் என் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை. அவளுக்குத் தர வேண்டியிருந்த விடையை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ 500க்கு ஒன்று, ஆக்சிஜன்-18 என்னும் கனமான ஐசோடோப்பு. அது சேர்ந்த நீர் மூலக்கூறு ஆவியாவதில் பின்தங்கும்; மழையாக விழுவதில் முந்திக்கொள்ளும். துருவத்தை நோக்கிச் செல்லும் மேகம் வழியெல்லாம் கனமானதை இறக்கிக்கொண்டே போகிறது. குளிர் கூடினால் இறக்குவதும் கூடும். ஆகவே, துருவப் பனியில் ஆக்சிஜன்-18 குறைவாக இருந்தால், அது குளிர்ந்த காலத்தில் விழுந்த பனி. பனி அடுக்கடுக்காகப் படிவதால், ஆழம் செல்லச் செல்லப் பழைய காலம் கிடைக்கும்.

அண்டார்டிகாவின் டோம் சி என்னுமிடத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் 3 கிலோமீட்டருக்கும் மேல் துளைத்தெடுத்த பனி, 8 லட்சம் ஆண்டு வரலாற்றைத் தந்தது. அதில் சிறைப்பட்ட காற்றுக் குமிழ்களில் கார்பன் டைஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 300 பங்குக்குள்தான் இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது.

பனி இல்லாத நம் மலைகளிலும் இத்தகைய சான்று உண்டு. மரங்களைவிட, சோளம், மக்காச்சோளம் போன்ற வறண்ட நிலப் பயிர்களிலும் புற்களிலும் கார்பன்-13 சற்று அதிகம். நீலகிரிச் சதுப்புகளில் செடிகள் மட்கிப் படிந்த மண்ணில் இதை அளந்து, ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்டோர் 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். துருவங்களில் பனி மிகுந்திருந்த அதே காலத்தில், நீலகிரி வறண்டு, அத்தகைய புற்கள் மிகுந்திருந்தது தெரியவந்தது.

வகுப்பறையில் செய்துகாட்ட ஒரு பை போதும். 40 புளியங்கொட்டையும் 40 துவரம்பருப்பும் போட்டு, ஒரு மாணவரை மேகமாக நடக்கவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 6 கொட்டை, 3 பருப்பு இறக்கட்டும். நான்கு நிறுத்தம் முடிந்தால் பையில் 16 கொட்டை, 28 பருப்பு. குளிர்ந்த காலத்துக்கு ஆறு நிறுத்தம். மிஞ்சுவது 4 கொட்டை, 22 பருப்பு. பையைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம். உண்மையான வேறுபாடு இதைவிட மிகச் சிறியது, அதை அளக்க நிறை நிறமாலைமானி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த மாணவி பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அதே கேள்வி உங்கள் வகுப்பிலும் ஒருநாள் எழும். அப்போது, "நல்ல கேள்வி, முன்னால் வா" என்று அழைத்து, பையை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.