மின்கம்பியின் மேல்சட்டை

தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் சிங்கப்பூரில் கிளமெண்டி அடுக்குமாடி வீட்டிலுள்ள உறவினரைப் பார்க்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெயிலுக்கு மேசை விசிறியைப் போடுகிறார்கள். விசிறிக்குப் போகும் கம்பிக்குள் 230 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. ஆயினும், கம்பியைக் கையால் ஒதுக்கி வைத்தால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்?

உள்ளே இருப்பது செம்பு. செம்பில் சில எலெக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாமல் உலோகம் முழுதும் திரிகின்றன. அவற்றின் ஓட்டமே மின்சாரம். மேலே இருக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அப்படியல்ல. மாலையில் கோத்த மணிகளைப்போல் அணுக்கள் நீண்ட சங்கிலிகளாக இணைந்தவை அவை. அந்த இணைப்புகளில் எலெக்ட்ரான்கள் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. ஓடுவதற்கு எலெக்ட்ரான் இல்லாத இடத்தில் மின்சாரம் ஏது? ஆகவேதான் இவற்றை மின்காப்புப் பொருள்கள் என்கிறோம்.

இந்தக் கதையில் சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு. கிளமெண்டி சாலை வடக்கே புக்கிட் தீமாப் பக்கம் போகிறது. அதுபோன்ற காடுகளில் கட்டாபெர்ச்சா என்னும் பால்மரம் வளர்ந்தது. அதன் இறுகிய பாலில் மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1840-களில் அதை லண்டனுக்கு அனுப்பினார். அது சிறந்த மின்காப்புப் பொருள் என்பதை 1848-இல் மைக்கேல் ஃபாரடே எடுத்துரைத்தார். கடல்நீரிலும் கெடாத அந்தப் பாலைப் போர்த்தித்தான் கடலடித் தந்திக் கம்பிகளைப் போட்டார்கள். 1871-இல் சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் அவ்வாறு இணைந்தன. நம் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறோம், மரம் பிழைத்திருக்கிறது. கட்டாபெர்ச்சா மரத்தையோ பாலுக்காக வெட்டிச் சாய்த்தார்கள். காடுகள் வெறுமையாயின. 1933-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட பாலிதீன் என்னும் பிளாஸ்டிக் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது.

வீட்டுக் கம்பிகளுக்கு முன்பு ரப்பர் உறைதான். ரப்பரை உறுதியாக்கச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால், செம்புக்கு ஈயம் பூசுவதுபோல வெள்ளீயம் பூசினார்கள். நாளாக ஆக ரப்பர் காய்ந்து வெடிக்கும். அதனால் பி.வி.சி. பிளாஸ்டிக் வந்தது. அதுவும் மிகுந்த சூட்டில் இளகிவிடும்.

இங்கே நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால் ரப்பர் பாலும் தடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மங்கில் இருக்கும் பாலில் பாதிக்குமேல் தண்ணீர். அதில் உப்புகளும் கரைந்திருக்கின்றன. அது மின்சாரத்தைக் கடத்தும். பால் பட்ட கையோடும் ஈரக் காலோடும் சுவிட்சைத் தொடக் கூடாது. காய்ந்த ஷீட்டைக் கையில் சுற்றிக்கொண்டு மின்வேலை பார்ப்பதும் ஆபத்து. மின்பணியாளரின் கையுறை சோதித்துப் பார்த்து அணியப்படுவது.

உறை வெடித்த கம்பியைத் துணி சுற்றிப் பயன்படுத்த வேண்டாம். தேர்ந்தவரைக் கொண்டு மாற்றுவோம். ஒருவரை மின்சாரம் பிடித்தால் பதறி அவரைத் தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை அணைப்போம். உறை முழுமையாக, உலர்ந்து இருக்கும்வரைதான் அது நமக்குக் காவல்.