தன் மனத்தையும் கேள்வி கேட்கும் வகுப்பறை

 

மேல்நிலைப் பள்ளியில் உளவியல் கற்பித்தல், அதன் வழியே திறனாய்வுச் சிந்தனையை வளர்த்தல் என்னும் இம்மாநாட்டுப் பொருளுக்குக் காரைக்குடி ஏற்ற ஊர். வள்ளல் அழகப்பர் 1947இல் இங்கே கல்லூரி தொடங்கினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இவ்வூருக்குக் கொண்டுவந்தார். 1948இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு முன்பே, 1939இல், சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் பட்டிமண்டபக் கலையை வளர்த்தெடுத்தது. சோதனைக்கூடமும் வாத மேடையும் இவ்வூரில் வேரூன்றின. இவ்விரண்டும் கூடும் இடமாகவே உளவியல் வகுப்பை நான் காண்கிறேன்.

மேடையில் எதிரணியின் ஓட்டையைத் தேடப் பழகுகிறோம். நம் நம்பிக்கையில் உள்ள ஓட்டையைத் தேடும் பழக்கம் தானாக வருவதில்லை. அதைக் கற்பித்தாக வேண்டும்.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சாக்பீஸ் இருந்தால் போதும். கரும்பலகையில் 2, 4, 6 என்று எழுதுங்கள். “இவை ஒரு விதிப்படி அமைந்தவை. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள். பொருந்துமா, பொருந்தாதா என்பேன். விதி உறுதியாகத் தெரிந்ததும் அறிவியுங்கள்” என்று சொல்லுங்கள். 8, 10, 12 என்பார்கள், பொருந்தும். 20, 22, 24 என்பார்கள், அதுவும் பொருந்தும். “இரண்டிரண்டாகக் கூடுகிறது” என்று கை உயரும். விதி அதுவன்று; ஏறுவரிசையில் வரும் எந்த மூன்று எண்ணும் பொருந்தும். 1, 7, 50 என்று ஒரு மாணவி கேட்டிருந்தால் அங்கேயே ஐயம் பிறந்திருக்கும். வேசனின் சோதனையிலும் பெரும்பாலோர் முதலில் தவறான விதியையே அறிவித்தார்கள்.

இது அறிவுக் குறைவன்று. ஏற்கெனவே நம்பியதற்குச் சான்று திரட்டுவது மனத்தின் இயல்பு. வாட்ஸ்அப் வதந்தியும் சாதி பற்றிய முன்முடிவும் பிழைத்திருப்பதற்கு இந்த இயல்பும் ஒரு காரணம். ஒருமுறை வகுப்பில் தன் மனமே தன்னை ஏமாற்றியதைக் கண்ட பிள்ளை, அடுத்த முறை “நான் நினைப்பது தவறானால் எனக்கு எப்படித் தெரியவரும்?” என்று கேட்கும். அந்தக் கேள்வியே நமக்கு வேண்டிய கல்வி.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் மேல்நிலையில் உளவியலை விருப்பப் பாடமாக வைத்திருக்கிறது. செய்முறைக்கு 30 மதிப்பெண். கேரளத்திலும் ப்ளஸ் டூவில் உளவியல் உண்டு. நம் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. பி.எட். படிக்கும் ஆசிரியர், பிள்ளையின் மனத்தைப் பற்றிப் படிக்கிறார். அந்த மனத்துக்கு உரிய பிள்ளை படிப்பதில்லை. இந்த நிலை மாற வேண்டும்.

ஆனால் பாடம் வந்தால் மட்டும் போதாது. உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்குவது திறனாய்வு ஆகாது. உளவியலையும் கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். 2015இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில், உளவியல் ஆய்வுகள் 100ஐ மீண்டும் செய்து பார்த்தார்கள். முன்பு கிடைத்த முடிவு பாதிக்கும் குறைவானவற்றிலேயே மீண்டும் கிடைத்தது. மேலை நாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் கண்ட முடிவு சிவகங்கைச் சீமைப் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. தன் குறையைத் தானே தேடி வெளியிடும் துறையைவிட, சிந்திக்கக் கற்றுத்தர நல்ல பாடம் வேறில்லை.

அமர்வுகளின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். பணச்செலவின்றி வகுப்பில் செய்யத்தக்க சோதனைகளைத் தமிழில் தொகுத்துத் தாருங்கள். “இந்த ஆய்வில் என்ன குறை?” என்று கேட்கும் மாதிரி வினாத்தாளை உருவாக்குங்கள். உளவியல் வகுப்பு வேறு, மனநல ஆலோசனை வேறு என்பதைத் தெளிவாக்குங்கள். நான்கு நோய்ப் பெயர் கற்ற பிள்ளை, பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடக் கூடாது.

“சார், நீங்கள் சொன்னது சரியென்று எப்படித் தெரியும்?” என்று மாணவர் கேட்கும்போது மகிழ்கிற ஆசிரியர் இல்லாமல் இவை எதுவும் நடவாது. அத்தகைய ஆசிரியர்களை உருவாக்குவதே இம்மாநாட்டின் பணி என்று கூறி, அமர்வுகள் சிறக்க வாழ்த்தி அமைகிறேன்.