சொட்டுகிற டீசலை நிறுத்துங்கள்



ஆயில் இன்ஜின் வைத்து இறைக்கிறவர்களுக்கு இன்று ஒரு விஷயம் சொல்றேன். இன்ஜினுக்கு அடியில் மண் கறுத்து, டீசல் வாடை அடிக்கிறதா? "சொட்டுத்தானே, போனால் போகுது" என்று விட்டுவிடாதீங்க. ராத்திரி அடியில் ஒரு கொட்டாங்கச்சியை வைத்துப் பாருங்க. எவ்வளவு காசு ஒழுகுகிறது என்று விடிந்ததும் தெரியும். அதோடு போகாது. டீசல் வெளியேறுகிற வழியில் காற்றும் உள்ளே புகலாம். அப்புறம் இன்ஜின் திக்கித் திக்கி ஓடி நின்றுவிடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கணும். இன்ஜினை நிறுத்தி ஆறவிடுங்க. பக்கத்தில் பீடி, விளக்கு கூடாது. டேங்கிலிருந்து பில்டர், பில்டரிலிருந்து பம்பு வரை குழாயைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு மூட்டிலும் செய்தித்தாள் துண்டைச் சுற்றி வையுங்க. எந்தத் தாள் நனைகிறதோ அங்கேதான் கோளாறு.

இனி டேங்கை மூடிவிட்டு வேலையைத் தொடங்கலாம். மூட்டில் கசிந்தால், சரியான ஸ்பானர் போட்டு லேசாக இறுக்குங்க. பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும். அப்படியும் நிற்காவிட்டால் செம்பு வாஷரை மாற்றுங்க. புதிசு உடனே கிடைக்காவிட்டால், பழைய வாஷரின் டீசலைத் துடைத்து, வீட்டு அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்க. செம்பு மிருதுவாகிவிடும். கரியைத் தேய்த்துவிட்டு மாட்டலாம்.

ரப்பர் குழாய் வெடித்திருந்தால், டீசலுக்கென்றே விற்கிற குழாயை வாங்கி, கிளிப் போட்டு இறுக்குங்க. கட்டுக்கம்பி குழாயை அறுத்துவிடும். சோப்பு அப்புவது அன்றையப் பொழுதை ஓட்டத்தான் உதவும்.

வேலை முடிந்ததும் காற்றை எடுக்கணும். டேங்கைத் திறந்து, பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்துங்க. குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்க. பம்பிலும் இதேபோல் செய்யுங்க.

ஒரு எச்சரிக்கை. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகிற இரும்புக் குழாயில், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் இருக்கும். இன்ஜின் ஓடும்போது அங்கே விரலால் தடவிப் பார்க்காதீங்க. முடி அளவு பீச்சினாலும் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்தினமாதிரிதான் தெரியும். உள்ளே சதை அழுகி, விரலையே எடுக்கும்படி ஆகலாம். வலிக்கலையே என்று இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் ஏறிவிட்டது என்று சொல்லுங்க. அந்தக் குழாய் விரிசல் விட்டால் பற்றவைக்க வேண்டாம், புதிசு போடுங்க.

வாரம் ஒருமுறை குழாயைத் துடைத்துப் பாருங்க. சொட்டாக இருக்கும்போதே அடைத்துவிடலாம்.