சுதேசமித்திரன் நடந்த வழி



பெங்களூரின் வடகிழக்கே உள்ள லிங்கராஜபுரத்தில், இரயில் பாதையைத் தாண்டும் மேம்பாலத்தின் அருகே, விடியற்காலையில் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்குவார்கள். கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழித் தாள்களும் ஒரே விரிப்பின்மேல் அருகருகே கிடக்கும். தமிழ்த்தாளை வாங்கியவர் தேநீர்க் கடையில் அமர்ந்து, டெல்லிச் செய்தியையும் டோக்கியோச் செய்தியையும் தாய்மொழியிலே படித்துவிட்டு வேலைக்குப் போகிறார். இது இன்று மிக எளிய காரியம். ஆனால் 1899-க்கு முன் இந்நாட்டில் இது நடந்ததில்லை. இதனை முதலில் நடத்திக் காட்டிய பெருமை சென்னையில் வெளிவந்த 'சுதேசமித்திரன்' என்னும் நாளிதழுக்கு உரியது. அதன் வரலாற்றையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அப்பத்திரிகையின்மேல் தனியானதொரு பற்றும் உண்டு. அதன் காரணம் போகப் போக விளங்கும்.

கதை 1878-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் லிட்டன் பிரபுவின் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்திய மொழிப் பத்திரிகைகள் ஆட்சியின்மீது வெறுப்பை விளைவிக்கும் எதனையும் அச்சிடுவதில்லை என்று அதிகாரிகள் பிணைமுறி கேட்கலாம். மீறினால் அச்சுக் கருவிகளையே பறிமுதல் செய்யலாம். நீதிமன்றத்திற்குப் போய் முறையிடவும் வழியில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளை இச்சட்டம் தொடவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பவர் சிலர், தாய்மொழியில் எழுதினால் படிப்பவர் பலர் என்னும் கணக்கை அரசாங்கம் நன்றாகவே போட்டிருந்தது. கல்கத்தாவின் 'அமிர்த பஜார் பத்திரிகை' இச்சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப, வங்காள மொழியை விட்டு உடனே ஆங்கிலப் பத்திரிகையாக மாறிக்கொண்டது. அது சாமர்த்தியமான செயல்தான். எனினும் அதனால் வங்காள வாசகர் ஒரு பத்திரிகையை இழந்தனர்.

அதே 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் சென்னையில் ஆறு இளைஞர்கள் கூடி 'தி ஹிந்து' என்னும் ஆங்கில வாரப் பத்திரிகையைத் தொடங்கினர். முதல் இதழ் 80 பிரதிகள். அச்சுச் செலவுக்குக் கடனாகப் பெற்ற தொகை 1 ரூபாய் 12 அணா. அவ்வறுவருள் ஒருவர் திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். லிட்டனின் சட்டம் ரிப்பன் பிரபுவின் காலத்தில் நீக்கப்பட்டது. 1882-இல் ஐயர் 'சுதேசமித்திரன்' என்னும் பெயரில் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றையும் தொடங்கினார். பல ஆண்டுகள் அது ஆங்கிலப் பத்திரிகையின் நிழலில் வளர்ந்த தம்பியாகவே இருந்தது.

ஐயர் சாதாரண மனிதர் அல்லர். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் முதல் தீர்மானத்தைப் பிரேரித்தவர் அவரே. இளமையில் கணவனை இழந்த தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்வித்து, உற்றாரின் பகையைத் தேடிக்கொண்டவர். 1897-இல் இலண்டன் சென்று, இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி குழுவின் முன் சாட்சியம் அளித்தவர். அத்தகையவர் மறு ஆண்டிலேயே, தாம் இருபது ஆண்டுகள் வளர்த்த ஆங்கிலப் பத்திரிகையை விட்டு விலகினார். கூட்டாளியோடு ஏற்பட்ட கருத்து வேற்றுமையும் பணமுடையும் அதற்குக் காரணம். விலகியபோது அவர் தம்முடன் எடுத்துக்கொண்டு வந்தது தமிழ்ப் பத்திரிகை ஒன்றையே. கல்கத்தாவில் ஒரு பத்திரிகை தாய்மொழியை விட்டு ஆங்கிலத்திற்குப் போயிற்று. இங்கே ஒருவர் ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழிக்கு வந்தார். 1899-இல் சுதேசமித்திரன் நாளிதழாயிற்று.

நாள்தோறும் பத்திரிகை நடத்துவது என்றால் நாள்தோறும் செய்தி வேண்டும். செய்தியோ தந்தி வழியாக, ஆங்கிலத்திலே வரும். ஆகவே தமிழ் நாளிதழின் ஆசிரியர் கூட்டம் என்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் கூட்டமே. 1904-ஆம் ஆண்டின் இறுதியில், மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரை ஐயர் தம் பத்திரிகைக்கு உதவி ஆசிரியராக அழைத்துக்கொண்டார். மித்திரன் தோன்றிய அதே 1882-இல் பிறந்தவர் அவ்விளைஞர். பெயர் சுப்பிரமணிய பாரதி. ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்குவது அவருடைய முதன்மையான வேலை. அப்போது ருஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டிருந்தது. தமிழர் அதுவரை கேள்விப்படாத ஊர்களும், கப்பல் வகைகளும், பதவிப் பெயர்களும் மேசைமேல் வந்து குவிந்தன. அச்சுக் கோப்பவர் காத்திருக்கையில் அவற்றுக்குத் தமிழ் காண வேண்டும். அந்த அவசரத்தை எம்போன்றோர் நன்கு அறிவோம். எமக்கேனும் அகராதிகளும் கலைச்சொல் பட்டியல்களும் உள்ளன. பிற்காலத்தில் பாரதி ஒரு கட்டுரையில், 'மெம்பர்' என்னும் சொல்லுக்குத் தமிழ் தேடி அலைந்ததைச் சொல்லுகிறார். அவயவி, அங்கத்தான், சபிகன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒன்று பொருந்தாது, ஒன்று மக்களுக்கு விளங்காது என்று கீழே வைத்துவிடுகிறார். இன்று 'உறுப்பினர்' என்று சிறு பிள்ளையும் சொல்லுகிறது.

பத்திரிகையின் தன்னுரிமைக்குச் சோதனை 1908-இல் வந்தது. வங்காளப் பிரிவினைக்குப் பின் மித்திரனின் குரல் கடுமையாகிக்கொண்டே வந்தது. ஐயர் ஊர் ஊராகச் சென்று தமிழிலே பேசினார். பாரதிக்கு அந்தக் கடுமையும் போதவில்லை. அவர் 1906-லேயே 'இந்தியா' என்னும் வாரப் பத்திரிகையில் தம் எண்ணங்களைக் கொட்டத் தொடங்கியிருந்தார். 1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறைப்பட, திருநெல்வேலியில் கலகம் மூண்டது. ஆகஸ்டில் இராஜத்துரோகக் குற்றத்தின்பேரில் ஐயரும் கைதானார். அப்போது அவர் ஐம்பதைக் கடந்தவர். கொடிய தோல் நோயால் துன்புற்றவர். இனி இத்தகையவற்றை எழுதுவதில்லை என்று உறுதிமொழி தந்து விடுதலை பெற்றார். பாரதியோ தம்மையும் பிடிப்பார்கள் என்று அஞ்சிப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார்.

அந்த உறுதிமொழியைக் கோழைத்தனம் என்று பழித்தவர் உண்டு. நாம் அவ்வாறு கூறத் துணியோம். தலைவணங்காத 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து சிறிது காலம் முழங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதனை வரவொட்டாமல் அரசாங்கம் தடுத்தபின், 1910-இல் அது நின்றது. தலைவணங்கிய மித்திரன் குரல் தாழ்ந்து, ஆனால் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. நஷ்டம் சிறிதன்று, அடக்கி எழுதிய அவ்வாண்டுகளின் செய்திகளில் சொல்லாமல் விடப்பட்டவை எத்தனையோ. எனினும் சிற்றூர் வாசகர் கைக்குத் தமிழ்த்தாள் போய்ச் சேரும் பழக்கம் அறுந்துபோகவில்லை. பின்வந்த நாளிதழ்கள் எல்லாம் அந்தப் பழக்கத்தின்மேல் கட்டப்பட்டவையே.

1915-இல் ஐயர் பத்திரிகையை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு ஏப்ரலில் காலமானார். ஐயங்காருக்குப் பின் 1928 முதல் சி. ஆர். சீனிவாசன் நடத்தினார். 1934-இல் 'தினமணி'யும் 1942-இல் 'தினத்தந்தி'யும் தோன்றி, இன்னும் எளிய தமிழில் இன்னும் பலரிடம் சென்றன. வடசொல் மிகுந்த மித்திரனின் நடை அவற்றோடு ஓட இயலாமல் பின்தங்கியது. பிற்காலத்தில் அப்பத்திரிகை நின்றும் போயிற்று.

இடையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். புதுச்சேரியிலிருந்து திரும்பிய பாரதி, 1920-இல் மீண்டும் மித்திரனிலேயே உதவி ஆசிரியராக அமர்ந்தார். 1921 செப்டம்பரில் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். அவர் தம் பெயரிலும் புனைபெயர்களிலும் எழுதிய கட்டுரைகளை அறிஞர்கள் தேடித் தொகுத்துள்ளனர். தந்திகளைத் தமிழாக்கியவர் பெயரை இடும் வழக்கமோ எப்பத்திரிகையிலும் இல்லை. முதல் முறை அங்கிருந்தபோது, போர்க்களத்திலிருந்து வந்த எந்தச் செய்தி அவர் கைப்பட்டுத் தமிழாயிற்று என்று இன்று பிரித்துக் காட்ட இயலாது.