மூடிய உறையா, பகிரங்க ஏலமா?



மூடின டெண்டர் கண்ணைக் கட்டி ஆடுற ஆட்டம்னு எதிரணி நண்பர் சொன்னார். ஐயா, கண்ணைத் திறந்து ஆடினா மட்டும் நியாயமா?

குற்றாலத்துல சாரல் சீசன் ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும்தான். அதுக்கு முன்னாடியே கடையை ஏலம் எடுத்தாகணும். பகிரங்க ஏலத்துல பெரிய வியாபாரிங்க நாலு பேர் கூட்டு சேர்ந்தா, ஒருத்தர் தொகை கேட்பார். மத்தவங்க விட்டத்தைப் பார்ப்பாங்க! சிப்ஸ் கடை போட வந்த அக்கா நடுவுல வாயைத் திறக்க முடியுமா? திறந்தா முறைப்பாங்களே! உறைக்குள்ள எழுதினா யாரைப் பார்த்து முறைக்கிறது?

ஒரு குறை உண்டு, ஒத்துக்கிறேன். அக்கா 1 லட்சம் எழுதி, அடுத்தவர் 60 ஆயிரம்தான் எழுதியிருந்தா, 40 ஆயிரம் வீணாச்சே! சாரலும் பொய்த்தா தோடு அடகுக்குப் போகும். அதுக்கும் வழி இருக்கு. 1961-ல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் எழுதினார்: கூடுதலாக எழுதியவருக்கே பொருள், அவர் கட்டவேண்டியதோ இரண்டாவது தொகை! மனசுல பட்ட விலையைப் பயமில்லாம எழுதலாம். 1996-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

எழுதுறப்போ உறை மூடியிருக்கட்டும். பிரிக்கிறப்போ ஊரே பார்க்கட்டும். அதுதான் நியாயம்!